வெட்டின வரியில் எவ்வளவு திரும்பி வரும்? வீட்டிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு

நிலையான வைப்பில் போட்ட காசுக்கு வரும் வட்டி 2025 ஏப்ரலுக்குப் பிறகு ஏன் இப்படிக் குறைந்து போனது என்று மட்டக்களப்புப் பக்கம் பல வீடுகளில் கேட்கிறார்கள். வட்டி வீதம் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம் வரி. 2025 ஏப்ரல் 1 முதல் வங்கி உங்களுக்குக் கொடுக்கும் வட்டியில் நூற்றுக்குப் பத்து ரூபாயை முற்பண வருமான வரி என்று வெட்டி, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்கு முதல் ஐந்து ரூபாய்தான் வெட்டினார்கள். வைப்பு ஐம்பதாயிரமா ஐம்பது இலட்சமா, வைத்திருப்பவர் டொக்டரா இடியப்பம் அவித்து விற்கும் தாயா என்றெல்லாம் வங்கிக் கணினி பார்ப்பதில்லை. நாமாகப் போய் ஒரு படிவம் கொடுக்காத வரைக்கும் எல்லாருக்கும் பத்து வீதம் கழியும்.

வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத ஒருவரிடம் இப்படி வெட்டினால், அந்தக் காசு அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய காசு அல்ல. திருப்பிக் கேட்கலாம். வரி மீளளிப்பு, ஊர்ப் பேச்சில் ரீஃபண்ட், என்பது இதுதான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு சிறிய வருமானத்தில் குடும்பம் நடத்தும் தாய்க்கோ தகப்பனுக்கோ எவ்வளவு திரும்பி வரும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்க, ஒரு கொப்பியும் கைபேசியில் இருக்கும் கல்குலேட்டரும் போதும்.

அதற்கு முதல் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் அரைவாசி வீட்டுக்காவது கனடாவிலோ லண்டனிலோ சொந்தம் இருக்கிறது. கனடாவில் இருக்கும் மாமி வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுத்ததும் பிள்ளைகளுக்கென்று மாதாமாதம் அரசாங்கக் காசு வருகிறது என்பார். அது உண்மை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இருந்தால், குடும்ப வருமானத்தைப் பார்த்து அங்கே பிள்ளைகள் நலன் கொடுப்பனவு தருகிறார்கள். அமெரிக்காவில் உழைக்கும் ஏழைப் பெற்றோருக்கு, அவர்கள் கட்டிய வரியை விடக் கூடுதலான தொகைகூட ரீஃபண்டாக வரும். அந்த நாடுகளில் வரிக் கணக்கும் பிள்ளைக்கான உதவியும் ஒரே படிவத்துக்குள் கலந்து கிடக்கின்றன.

இலங்கையில் அப்படி இல்லை. இங்கே வருமான வரிச் சட்டத்தில் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு கழிவும் கிடையாது. ஒரு பிள்ளை இருந்தாலும் ஐந்து பிள்ளை இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். சில வருடங்களுக்கு முதல் பிள்ளைகளின் கல்விச் செலவையும் மருத்துவச் செலவையும் ஓர் அளவுக்குக் கழிக்க இடம் இருந்தது. 2023 ஜனவரியில் இருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். பெற்றோருக்கு இது நியாயமான ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை, ஆனால் கணக்கை இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் போடவேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும உதவிக் காசு வேறு விடயம். அதற்கும் இறைவரித் திணைக்களத்துக்கும் சம்பந்தமில்லை, அதன் தகுதியையும் விண்ணப்பத்தையும் பிரதேச செயலகப் பக்கம் பார்க்கவேண்டும். ஆகவே இங்கே ரீஃபண்ட் என்றால் உங்களிடம் வெட்டிய காசில் ஒரு பகுதி அல்லது முழுவதும். அதற்கு மேல் ஒரு சதமும் வராது.

கணக்கு ஒரே ஒரு கழித்தல். ஒரு வருடத்தில் உங்களிடம் வெட்டப்பட்ட வருமான வரி எவ்வளவு என்று பாருங்கள். அந்த வருடத்துக்கு நீங்கள் உண்மையிலேயே கட்டவேண்டிய வரி எவ்வளவு என்று பாருங்கள். முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் உங்களுடையது.

வருடம் என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல. மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 தொடங்கி அடுத்த வருடம் மார்ச் 31 வரை. 2025/2026 என்று எழுதியிருந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரைக்குமான பன்னிரண்டு மாதம். இந்தக் கட்டுரையில் வரும் தொகைகள் எல்லாம் அந்த ஆண்டுக்கானவை. வட்டி எந்த ஆண்டில் சேரும் என்று சந்தேகம் வந்தால், காசு கையில் அல்லது கணக்கில் வந்த திகதியைப் பாருங்கள். ஒரு வருட வைப்பை முடிவில் வட்டி எடுக்கும் முறையில் போட்டிருந்து, அது 2025 மே மாதம் முதிர்ந்தால், பன்னிரண்டு மாத வட்டியும் 2025/2026 கணக்குக்குள்தான் விழும்.

முதலில் வெட்டுப்பட்ட தொகை. வங்கிப் புத்தகத்தை அல்லது கணக்குக் கூற்றை எடுத்துப் பாருங்கள். வட்டி என்று ஒரு வரியில் பதிந்திருக்கும். அதற்கு அடுத்த வரியில், அந்த வட்டியின் பத்திலொன்று கழிந்திருக்கும். 6,667 ரூபாய் வட்டி வந்தால் 667 ரூபாய் போயிருக்கும். இப்படிக் கழிந்ததையெல்லாம் ஏப்ரலில் இருந்து மார்ச் வரை கூட்டினால் போதும். சேமிப்புக் கணக்கின் சின்ன வட்டியிலும் வெட்டுகிறார்கள், அதையும் விடாதீர்கள். கேட்டால் வங்கி வரிக் கழிப்புச் சான்றிதழ் தரும். கேட்கும்போது இந்த வருடத்துக்குரியது என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் இரண்டு சான்றிதழ் வேண்டும்.

சம்பளத்தில் வெட்டுவது இன்னொரு வகை. மாதச் சம்பளம் 150,000 ரூபாயைத் தாண்டினால் தொழில் கொடுப்பவர் அந்த மாதமே வரியைக் கழித்துவிடுவார். வருட முடிவில் அதற்கு ரீ-10 என்ற சான்றிதழ் தரவேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

சம்பளச் சீட்டில் கழிவதெல்லாம் வரி என்று நினைத்துக் கூட்டிவிடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் எட்டு வீதம் வரி அல்ல. அது உங்கள் சேமிப்பு, பிறகு எடுப்பீர்கள். அரச ஊழியர்களுக்குக் கழியும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, அக்ரஹார காப்புறுதி இரண்டும் வரி அல்ல. கடையில் சாமான் வாங்கும்போது கட்டும் 18 வீத வற் வரியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. கம்பனிப் பங்கிலாபத்தில் வெட்டும் 15 வீதமும், பெரிய லொத்தர்ப் பரிசில் வெட்டும் வரியும் இறுதி வரி. வெட்டினால் வெட்டினதுதான், இந்தக் கணக்குக்குள் கொண்டுவர முடியாது.

இனி, உண்மையில் கட்டவேண்டிய வரி. அந்த ஆண்டில் உங்கள் பெயரில் வந்த வருமானத்தை எல்லாம் கூட்டுங்கள். சம்பளம் கழிவுகளுக்கு முந்திய தொகை. வட்டியும் வெட்டுக்கு முந்திய தொகை. சொந்தத் தொழில் என்றால் செலவு போக மிஞ்சியது மட்டும். வட்டையில் நெல் விற்று ஆறு இலட்சம் வந்தது என்றால் ஆறு இலட்சம் வருமானம் ஆகாது. உழவு, விதைநெல், பசளை, எண்ணெய், வெட்டு மெஷின் கூலி எல்லாம் கழித்து என்ன மிச்சம் என்று பாருங்கள். வீட்டு வாடகை வந்தால் அதில் 25 வீதத்தைத் திருத்த வேலைகளுக்கென்று சட்டமே கழித்துத் தருகிறது.

கணவன் மனைவி இருவரும் தனித்தனிக் கணக்கு. அவருடைய சம்பளம் உங்கள் கணக்குக்குள் வராது. கட்டாரில் நிற்கும் கணவர் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் காசும் உங்கள் வருமானம் ஆகாது. ஆனால் அந்தக் காசில் மிச்சம் பிடித்து உங்கள் பெயரில் வைப்பில் போட்டால், அந்த வட்டி உங்களுடைய வருமானம்.

இப்படிக் கூட்டிய தொகையில் இருந்து 1,800,000 ரூபாயைக் கழியுங்கள். இதுதான் தனிநபர் நிவாரணம், ஆளுக்கு ஒரு தடவை, வருடத்துக்கு ஒரு தடவை. ஒன்றும் மிஞ்சாவிட்டால் நீங்கள் கட்டவேண்டிய வரி சுழியம். மிஞ்சினால், மிஞ்சியதில் முதல் பத்து இலட்சத்துக்கு ஆறு வீதம், அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 18 வீதம், பிறகு 24, 30 என்று ஏறி 36 வீதத்தில் நிற்கும். நாம் பேசுகிற குடும்பங்களுக்கு அந்த முதல் ஆறு வீதத்துக்கு மேல் போக வேலை இல்லை.

களுவாஞ்சிக்குடியில் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், வீட்டில் தையல். மாதம் 35,000 ரூபாய் கைக்கு வருகிறது. நூல், லைனிங் துணி, கரண்ட் பில், மெஷின் திருத்தம் என்று 10,000 போகிறது. கணவரின் பேரில் கிடைத்த பதினைந்து இலட்சத்தை எட்டு வீதத்துக்கு வைப்பில் போட்டு மாத வட்டி எடுக்கிறார். தையலில் வருடத்துக்கு 300,000. வட்டி 120,000. மொத்தம் 420,000. பதினெட்டு இலட்சத்துக்குக் கிட்டவும் இல்லை, ஆகவே கட்டவேண்டிய வரி சுழியம். வங்கியோ மாதம் பத்தாயிரம் வட்டியில் ஆயிரத்தை வெட்டி ஒன்பதாயிரம்தான் கொடுத்திருக்கிறது. வருடத்துக்கு 12,000. முழுவதும் திரும்ப வரவேண்டிய காசு.

அடுத்தது இந்தப் பக்கத்துக்கே பழக்கமான கதை. நிறுவனம் ஒன்றின் திட்ட வேலை, ஒப்பந்தம் ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பரில் முடிகிறது. மாதச் சம்பளம் 185,000. அலுவலகம் ஒவ்வொரு மாதமும், இந்த மனிதருக்கு வருடம் முழுக்க இதே சம்பளம் கிடைக்கும் என்பது போலவே வரியைக் கழிக்கும். 150,000 போக மிஞ்சும் 35,000 ரூபாயின் ஆறு வீதம் 2,100. ஆறு மாதத்தில் 12,600. ஒக்டோபரில் இருந்து வேலை இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்து மாதம் 20,000. மார்ச் முடிவில் கூட்டிப் பார்த்தால் சம்பளம் 1,110,000, ரியூசன் 120,000, மொத்தம் 1,230,000. வரி எல்லைக்குள் இவர் வரவே இல்லை. 12,600 ரூபாயும் அவருக்கு. பிரதேசத்தில் திட்ட வேலை பார்த்துவிட்டு இடையில் வீட்டில் நிற்கும் எத்தனையோ பேர் இந்தக் காசைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். சம்பளத்தில் போனது போனதுதான் என்ற எண்ணம்.

பதினெட்டு இலட்சத்தைத் தாண்டினாலே ஒன்றும் கிடைக்காது என்பதும் பிழை. கல்முனையில் ஒரு தாதியை எடுங்கள். மேலதிக நேரக் கொடுப்பனவோடு மாதம் 140,000, வருடத்துக்கு 1,680,000. எந்த மாதமும் 150,000 தாண்டாததால் சம்பளத்தில் வரி வெட்டவில்லை. மூன்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சேர்த்த இருபத்தைந்து இலட்சம் இவருடைய பெயரில் வைப்பில் இருக்கிறது, வட்டி 200,000, அதில் வெட்டு 20,000. மொத்த வருமானம் 1,880,000. நிவாரணம் போக 80,000 மிச்சம். ஆறு வீதம் 4,800. வெட்டினது 20,000, கட்டவேண்டியது 4,800, திரும்புவது 15,200.

இந்த இடத்தில்தான் வழமையான பிழையும் நடக்கும். கைக்கு வந்த வட்டி 180,000தானே என்று அதை எழுதினால், மிச்சம் 60,000 ஆகி, வரி 3,600 ஆகி, ரீஃபண்ட் 16,400 என்று வரும். 1,200 ரூபாய் கூட. திணைக்களத்திடம் வங்கி அனுப்பிய கணக்கு இருக்கிறது, அங்கே 200,000 என்றுதான் இருக்கும்.

தாதியின் கணக்கை ஊன்றிப் பார்த்தால் ஒன்று விளங்கும். வங்கி வெட்டுவது பத்து வீதம். முதல் படியில் சட்டம் கேட்பது ஆறு வீதம். ஆகவே சம்பள வரி ஒழுங்காகக் கழிந்திருந்து, மொத்த வருமானம் இருபத்தெட்டு இலட்சத்துக்குள் இருந்தால், வட்டியில் வெட்டினதில் ஏதோ ஒரு பகுதி எப்படியும் திரும்பும். ஒரு ஆசிரியரும் இதற்குள் வருவார், வங்கி ஊழியரும் வருவார்.

2024/2025 ஆண்டுக்குக் கணக்குப் போடுபவர்கள் மேலே உள்ள தொகைகளைத் தொடவேண்டாம். அந்த ஆண்டில் நிவாரணம் 1,200,000, சம்பள எல்லை மாதம் 100,000, வட்டியில் வெட்டு ஐந்து வீதம். முதல் படி அப்போதும் ஆறு வீதம்தான், ஆனால் அது ஐந்து இலட்சத்தோடு முடிந்துவிடும். வெட்டு ஐந்து, கேட்பது ஆறு என்பதால், எல்லையைத் தாண்டிய சிலருக்கு அந்த ஆண்டு ரீஃபண்டுக்குப் பதில் கொஞ்சம் கட்டவேண்டியும் வந்திருக்கும்.

சரி, கணக்குப் போட்டாயிற்று. காசு எப்படிக் கேட்பது? முதலில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், ரின் நம்பர், வேண்டும். இந்தப் பெயரைக் கேட்டதும் பயப்படுகிறவர்கள் அதிகம். வங்கிக் கவுண்டரில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“தாத்தா, உங்கட ரின் நம்பர் இருக்கா?”

“அது எடுத்தா புறகு வரி கட்டச் சொல்லுவாங்களே மகன்.”

அப்படி இல்லை. வருமானம் எல்லையைத் தாண்டினால் நம்பர் இல்லாவிட்டாலும் வரி உண்டு. தாண்டாவிட்டால் நம்பர் இருந்தாலும் இல்லை. அடையாள அட்டையைக் கொண்டு திணைக்களத்தின் இணையத்தளத்திலோ பிராந்திய அலுவலகத்திலோ இலவசமாக எடுக்கலாம். 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். யாருக்கும் இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பிறகு வருமான விபரத்திரட்டை இணையத்தில் நிரப்பி அனுப்பவேண்டும். மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கு அதே வருடம் நவம்பர் 30 கடைசித் திகதி. 2025/2026 ஆண்டுக்கு 2026 நவம்பர் 30. அதில் வருமானத்தையும் வெட்டுப்பட்ட வரியையும் சான்றிதழ்களில் உள்ளபடி எழுதி, மேலதிகமாகக் கட்டுப்பட்டதை மீளளிக்கும்படி கேட்கவேண்டும். நிரப்பத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கடவுச்சொல்லையும் கைபேசிக்கு வரும் ஓடிபியையும் மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு வரவேண்டாம். “உங்களுக்கு வரி மீளளிப்பு வந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று கைபேசிக்கு வரும் செய்தியை அழித்துவிடுங்கள். நீங்கள் கேட்காத ரீஃபண்ட் வராது.

கேட்டதும் வந்துவிடும் காசும் அல்ல இது. சான்றிதழ், வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் வரும். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை வாங்க இந்தக் காசை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். மதிப்பிட்ட தொகையை வருமானத் திட்டத்தில் சேர்க்காமல், வந்தால் வரட்டும் என்று வைத்திருப்பதே நல்லது.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் வெட்டவே விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஆண்டு முழுவதுக்குமான உங்கள் மொத்த வருமானம் 1,800,000 ரூபாயைத் தாண்டாது என்றால், ரின் நம்பரோடு சுயபிரகடனப் படிவம் ஒன்றை நிரப்பி வங்கியில் கொடுக்கலாம். கொடுத்த நாளில் இருந்து வட்டியில் வரி கழிக்கமாட்டார்கள். களுவாஞ்சிக்குடித் தாய் இதை ஏப்ரலிலேயே கொடுத்திருந்தால் மாதம் பத்தாயிரமும் முழுசாகக் கைக்கு வந்திருக்கும், ரீஃபண்ட் என்ற பேச்சே தேவைப்பட்டிருக்காது. ஒக்டோபரில் கொடுத்தால் அதற்கு முதல் ஆறு மாதத்தில் போன 6,000 ரூபாயை வங்கி திருப்பித் தராது. வெட்டிய காசை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அவர்கள் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவார்கள், அதை அங்கேதான் கேட்கவேண்டும்.

கல்முனைத் தாதி இந்தப் படிவத்தைக் கொடுக்க முடியாது, அவருடைய வருமானம் எல்லையைத் தாண்டுகிறது. பொய்யாகக் கொடுத்தால் பிறகு தண்டப்பணத்தோடு கட்டவேண்டி வரும். திட்ட வேலைக்காரர் கொடுக்கலாம், ஆனால் அது வட்டிக்கு மட்டும்தான், சம்பளத்தில் வெட்டுவதை அது நிறுத்தாது.

இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும். ஒரு தடவை கொடுத்தால் என்றைக்கும் செல்லும் என்று இருந்துவிடவும் கூடாது. மார்ச் 31ஓடு அதன் காலம் முடிகிறது. சித்திரைப் புத்தாண்டுக்குக் காசு எடுக்க வங்கிக்குப் போகும்போது புதிய படிவத்தையும் அந்தக் கையோடு கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த வருடக் கணக்கில் வெட்டு என்ற பக்கமே காலியாக இருக்கும்.